எருமை நாக்கு, நாக்கு மீன், பாசா: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: காசிமேட்டில் தட்டையான ஒரு மீனைக் காட்டி ‘எருமை நாக்கு’ என்றார் மீன்கார அக்கா. விலை, சாதா நாக்கு மீனைவிடக் கூடுதல். இரண்டும் ஒன்றுதானே, ஏமாற்றுகிறாரா?

பதில்: அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டும் தட்டை மீன்தான், ஆனால் இனம் வேறு.

அடையாளம் வாயில் இருக்கிறது. எருமை நாக்குக்கு அகன்ற வாய், உள்ளே ஊசி ஊசியாகப் பற்கள். கடலடியில் பதுங்கிக் கிடந்து, பெரும்பாலும் இரவில், மற்ற மீன்களைப் பிடித்துத் தின்கிற மீன் அது. நாக்கு மீனுக்கு வாய் சின்னது, கொஞ்சம் கோணலாகவும் இருக்கும். சேற்றில் உள்ள புழுக்களும் பொடி உயிரினங்களும் அதற்குப் போதும். வாலையும் பாருங்கள். நாக்கு மீனின் உடல் பின்னால் ஒடுங்கி, மேல்துடுப்பும் கீழ்த்துடுப்பும் வாலோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எருமை நாக்கில் வால் தனியாகத் தெரியும்.

இந்தத் தட்டை மீன்கள் பிறக்கும்போதே இப்படி இல்லை. குஞ்சாக இருக்கும்போது, மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண். வளரும்போது ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்துவிடும். அப்புறம் கண்ணில்லாத பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ளும். நாக்கு மீனில் இரண்டு கண்ணும் இடப்பக்கம் இருக்கும். எருமை நாக்கில் இடக்கண் மீனும் உண்டு, வலக்கண் மீனும் உண்டு. நகரும் கண்ணும் முழுசாக இடம் மாறாமல் தலை உச்சியிலேயே நின்றுவிடும். அதனால்தானோ என்னவோ, சில நேரம் இது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தும் நீந்தும்.

பெயரும் நம்முடையதுதான். 1801-ல் வெளியான, ப்ளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர்களின் மீன் நூலில், தரங்கம்பாடியில் வழங்கிய தமிழ்ப் பெயரை வைத்தே இதற்கு ‘எருமெய்’ என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள். இன்றும் அதுவே நிற்கிறது.

விலைக்கு வருவோம். எருமை நாக்கு அரை மீட்டருக்கு மேலும் வளரும், சதை தடிமன், துண்டு போட்டு வறுக்கலாம். சின்ன நாக்கு மீனை முழுசாகத்தான் பொரிக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எருமை நாக்கில் தலை பெரிது. எடை போடுவது வெட்டுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். நாக்கு மீனைத் தோலுரித்துத் தரச் சொல்லுங்கள். தலைப்பக்கம் கீறி, விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு இழுத்தால் உறை மாதிரி கழன்றுவிடும்.

கண்ணைப் பார்த்து மீன் வாங்கும் பழக்கம் நாக்கு மீனிடம் பலிக்காது. கடுகு போன்ற கண்ணில் என்ன தெரியும்? மீனைத் திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கம் பளிச்சென்று வெளுத்திருக்க வேண்டும். மஞ்சள் பாய்ந்து, அழுத்திய இடம் குழியாகவே நின்றால் வேண்டாம்.

கேள்வி: சேற்றில் கிடக்கும் மீன் மண்வாடை அடிக்காதா?

பதில்: அடிக்காது. நாம் மண்வாடை என்று சொல்வது பெரும்பாலும் குளத்து மீனில் வருவது. நன்னீரில் வளரும் சில பாசிகளும் நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் பொருள்தான் அதற்குக் காரணம். நாக்கு மீன் நாறினால் அது சேற்று வாடை அல்ல, பழைய மீன்.

கேள்வி: ஓட்டலில் ‘சோல்’ ஃபில்லே (முள் நீக்கிய சதைத் துண்டு) கேட்டேன். வந்தது பாசா என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தடிமனைப் பாருங்கள். சோல் என்பது நாக்கு மீன் வகை, அதன் ஃபில்லே மெல்லியதாக இருக்கும். இரண்டு விரல் தடிமனில், நல்ல வெள்ளையாக, மீன் வாசமே இல்லாமல் வந்தால் பாசாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பாசா என்பது பண்ணையில் வளரும் நன்னீர்க் கெளுத்தி வகை. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் சோல் விலைக்கு பாசாவைத் தருவது தவறு. முதலில் மேலாளரிடம் கேளுங்கள். மழுப்பினால், பில்லையும் மெனுவின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கேள்வி: மே மாதத்தில் ‘இன்று பிடித்த நாக்கு மீன்’ என்று விற்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாக்கு மீன் கூடுதலாக விழுவது அவை இழுக்கும் மடிவலையில். தடை நாளில் கரையோர நாட்டுப்படகு வலையில் கொஞ்சம் கிடைக்கும், அது புதிதாகவே இருக்கும். கூடை கூடையாக இருந்தால், மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கலாம். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். எந்தக் கரை மீன் என்று கேளுங்கள், திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.