வலிமையான காந்தப்புலமும் கரிம நானோ அமைப்புகளும்: கேள்வி பதில்

கேள்வி: இரும்பு கலவாத கரிமச் சேர்மம் காந்தத்துக்கு எப்படிக் கட்டுப்படும்?

பதில்: அது ஈர்க்கப்படுவதில்லை, மிக மெலிதாக விலக்கப்படுகிறது. பென்சீன் போன்ற வளையங்களில் இந்த விலக்கம் திசைக்குத் திசை மாறுவதால், வளையத்தின் தளம் புலத்துக்கு இணையாக இருக்கும்போதுதான் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும். படிகங்களில் இந்த வேறுபாட்டை அளந்த முன்னோடிகளில் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டாக்கா பல்கலைக்கழகத்தில், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலம் அதை எவ்வளவு திருப்புகிறது என்று அவர் அளந்தார். இன்றைய ஆய்வுகளுக்கும் அடிப்படை அதே திருகுவிசைதான்.

கேள்வி: இப்படி மூலக்கூறுகளைத் திருப்ப, மருத்துவமனையில் இருக்கும் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. காந்தம் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. 20 டெஸ்லாவில்கூட, ஒரு பென்சீன் மூலக்கூறு திசை திரும்புவதால் ஏற்படும் ஆற்றல் வேறுபாடு, அறை வெப்பநிலையில் உள்ள வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ 20,000-இல் ஒரு பங்குதான். ஆகவே தனி மூலக்கூறு வெப்பத்தின் அலைக்கழிப்பில் தன் போக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் லட்சக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே சீராக அடுக்கிக்கொண்டு நானோ இழையாகவோ குழலாகவோ அமைந்துவிட்டால், ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போல, சிறு விசைகள் ஒன்றுசேர்ந்து முழு இழையையும் திருப்பிவிடும். இந்த ஆற்றல் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 3 டெஸ்லாவிலிருந்து 30 டெஸ்லாவுக்குப் போனால் விளைவு நூறு மடங்காகிறது.

கேள்வி: அவ்வளவு வலிமையான புலத்தை எப்படி உருவாக்குகிறார்கள்?

பதில்: துளையிட்ட செப்புத் தகடுகளை அடுக்கி, அவற்றில் பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, துளைகள் வழியே குளிர்நீரை விரைந்து ஓடவிடுகிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ஆய்வகத்தின் 38 டெஸ்லா காந்தம் இவ்வகையைச் சேர்ந்தது. 1997-இல் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டதும் அதே நகரில்தான்; அதற்குச் சுமார் 16 டெஸ்லா போதுமாக இருந்தது.

கேள்வி: மூலக்கூறுகள் திரும்பியதை எப்படி அறிவது?

பதில்: ஒளியைக் கொண்டுதான். கரைசலின் இருபுறமும் இரண்டு போலராய்டுகளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் தகடுகளை) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால், புலம் இல்லாதபோது மறுபக்கம் இருட்டாக இருக்கும். இழைகள் வரிசைப்படத் தொடங்கியதும் கரைசல் இரட்டை ஒளிவிலகல் காட்டுவதால் (அதாவது ஒளி அதிரும் திசைக்கேற்ப வெவ்வேறு அளவில் விலகுவதால்), ஒளி கசியத் தொடங்கும். புலத்தின் வலிமைக்கேற்ப அந்தக் கசிவு எப்படி மாறுகிறது என்று வரைபடம் வரைந்தால், எத்தனை பங்கு ஒழுங்கு வந்தது என்பதைக் கணக்கிடலாம்.

கேள்வி: திசை மட்டுமா மாறும்? வடிவமும் மாறுமா?

பதில்: மாறும். எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த சோதனையே அதுதான். ஆறு தையோஃபீன் வளையங்கள் (கந்தக அணு ஒன்றைக் கொண்ட ஐந்து அணு வளையங்கள்) கொண்ட மூலக்கூறுகள் தாமாகவே சேர்ந்து உருவாக்கிய உள்ளீடற்ற நானோ கோளங்களை 20 டெஸ்லா வரையிலான புலத்துக்கு உட்படுத்தியபோது, அவை சற்றே தட்டையாயின. புலத்தை நீக்கினால் மீண்டும் உருண்டையாகிவிடும் என்பதால், புலம் இருக்கும்போதே சுற்றியுள்ள திரவத்தைக் கூழாக உறையவைத்து, தட்டையான வடிவத்திலேயே அவற்றைக் காந்தத்துக்கு வெளியே எடுத்து ஆராய்ந்தார்கள்.