தம்பிக்கு எடுத்து வைத்தது

அன்புள்ள ஐயா,

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டு வருடமாக கவுன்சிலராக இருக்கிறேன். ஆயிரத்து நானூறு பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. அமெரிக்காவில் 250 பேருக்கு ஒருவர் வேண்டும் என்கிறார்கள். எனக்கென்று அறை இல்லை; நூலகத்தில் பீரோவுக்குப் பின்னால் ஒரு மேசை. ஆசிரியர் வராத வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள். பிள்ளைகள் சொல்வதை எழுதிவைக்கும் நோட்டை முதல்வர் கேட்கிறார். யாருக்கு எந்தப் படிப்பு என்று சொல்ல நிர்வாகம் ஒரு கணினித் தேர்வு வாங்கியிருக்கிறது. பிள்ளைக்கு நாற்பது பக்க அறிக்கை வருகிறது. அதையும் யாரும் மதிப்பதில்லை. போன வாரம்கூட, கணக்கில் 95-க்குக் குறையாத பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணை, வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்கு இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் அரசு தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை எட்டாவது படிக்கும் தம்பிக்கு இருக்கட்டும் என்று சொல்லி, இன்ஜினியரிங்குக்கு அனுப்பாமல் அவள் அப்பா பக்கத்து ஊரில் பி.எஸ்சி. சேர்க்கப்போவதாகச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போகலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

மேசை, அறை, 250 பேர் கணக்கு, இதையெல்லாம் விடுங்கள். பள்ளிக்கு வழிகாட்டும் அலுவலர் வேண்டும் என்று சொன்னது அமெரிக்காக்காரர்கள் மட்டுமல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1953-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. எழுபது வருடம் கழித்து உங்களுக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் என்றால் நல்ல இடம்தான், அழுகிற பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நோட்டைக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு, அதை உடனே சொல்லியாக வேண்டும். மற்றபடி கொடுக்காதீர்கள்.

நாற்பது பக்க அறிக்கை பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. டாக்டர், டீச்சர், போலீஸ், தறி முதலாளி, இந்த நாலு பேரைத் தவிர யாரையும் பார்க்காத பிள்ளையிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று நூறு கேள்வி கேட்டால், அந்த நாலில் ஒன்றைத்தான் நூறு விதமாகச் சொல்லும். கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்டால் மட்டும் பதில் மாறிவிடுமா?

அப்புறம், நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். பெற்றோர் உங்களிடம் வந்து “எத்தனாம் தேதிங்க கவுன்சிலிங்?” என்று கேட்டிருப்பார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வு 2018-ல் இணையத்துக்குப் போகும்வரை, குடும்பம் குடும்பமாக வந்து பெரிய திரையில் காலியிடம் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு அதுதான் பெயர். இப்படிக் கேட்கிறார்களே என்று நீங்கள் வருத்தப்பட்டிருக்கலாம். நான் வருத்தப்பட மாட்டேன். தேதியும் சான்றிதழும் தெரியாத ஆலோசகரின் அன்பை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

உங்கள் கடிதத்தில் உங்களையும் உங்கள் வேலையையும் பற்றிப் பதினொரு வாக்கியம் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

1986-ல் என் அக்கா பத்தாவது முடித்தாள். பெண்கள் பாலிடெக்னிக்குக்கு யாரிடமும் கேட்காமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். இடம் கிடைத்ததாகத் தபால் வந்தது. அப்பா கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் சீட்டு எடுத்த பணம் இரண்டாயிரம் இருந்தது. அப்பா கோபப்படவே இல்லை. தபாலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தம்பிக்கு வேணுமல்ல” என்றார். அவ்வளவுதான். அந்தத் தம்பி நான். அப்போது நானும் எட்டாவது.

அக்கா டைப்ரைட்டிங் சேர்ந்தாள். விண்ணப்பத்தோடு வந்த கையேட்டுக்குக் கெட்டியான மஞ்சள் அட்டை. அதைப் பிரித்து என் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். பாலிடெக்னிக்கின் பெயர் உள்பக்கம் வரும்படி மடித்துப் போட்டாள். அந்த வருடம் காலாண்டில் எனக்குக் கணக்கில் 28.

அந்தப் பணம் எனக்கும் வரவில்லை. ஐப்பசி மழையில் ஓடு சரிந்து கூரைக்குப் போயிற்று. பையனுக்கு என்று எடுத்துவைத்த பணம் பையனிடம் போய்ச் சேர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணம், கூரை, கடன் என்று போய்விடும். பெண்ணுக்கு மறுத்தது மட்டும் மறுத்ததாகவே நிற்கும்.

சரி, உங்கள் பள்ளிப் பெண்ணுக்கு வருகிறேன். அந்த அப்பாவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? பெண் கல்வி, சமத்துவம் என்று ஏதோ சொல்லியிருப்பீர்கள். அவரும் தலையாட்டியிருப்பார். ஐயோ எஸ், அவர் சொன்னது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. நீங்கள் அதைப் போட்டே பார்க்கவில்லை!

முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டுமென்றால் உடன்பிறந்தவர்கள் உட்பட வீட்டில் ஒருவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் சலுகை, இதுவரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதது இதுதான்: அக்கா இந்த வருடம் பி.எஸ்சி. சேர்ந்தால் மூன்று வருடத்தில் பட்டதாரி. தம்பி எட்டாவது முடித்து, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இன்னும் நான்கு வருடம். அவன் கல்லூரி வாசலுக்கு வரும்போது வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருப்பாள். சலுகையைத் தொடாமலே படித்திருந்தாலும் முதல் பட்டதாரி அவள்தான். அவனுக்குச் சான்றிதழே கிடைக்காது. ஆக, அவள் இப்போது வாங்காவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாங்கப்போவதில்லை. இவளும் கலந்தாய்வில் இடம் எடுத்தால்தான் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் கிடையாது. அதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் யாராவது புரோக்கர் வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான்.

இதைக் கண்டுபிடிக்க உளவியல் வேண்டாம். விரல் விட்டு எண்ணினால் போதும். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இரண்டு வருடமாக அந்த மேசையில் இருக்கிறீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் என்று, ஏழாவதில் பிள்ளையைக் கொண்டுவந்து உங்கள் பள்ளியில் சேர்க்கிற எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? நிர்வாகம் சொல்ல விடாது, எனக்கும் தெரியும். உங்களைத் திட்டுகிறேனே தவிர, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முனைவர் பட்டம் பற்றி ஜூனுக்கு அப்புறம் பேசுவோம். அது எங்கும் ஓடிவிடாது. பொறியியல் விண்ணப்பப் பதிவு மே மாதம் தொடங்கிவிடும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றுக்கும் அதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். கடைசி வாரம் போனால் தாலுகா அலுவலகத்துக் கூட்டத்தில் நின்றே பொழுது போய்விடும்.

அந்த அப்பா தறிக்காரராக இருந்தால், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவரும் நேரத்தில் போகாதீர்கள். தூங்கி எழுந்து டீ குடித்த பிறகு, சாயங்காலமாகப் போங்கள். நோட்டும் பேனாவும் எடுத்துப்போய் அவர் முன்னாலேயே எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். தம்பியும் பக்கத்தில் இருக்கட்டும்.