புகைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஐலா தீவு வடிசாலை ஒன்று இந்த வருஷம் போட்டிருக்கும் லிமிடெட் எடிஷன் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியிலிருந்து மட்டும் வடித்த) விஸ்கி, புகை வாசனைச் சரக்கு, 700 மி.லி., 57 சதவீத ஆல்கஹால், 120 பவுண்டு. அதே வடிசாலையின் வழக்கமான 10 வருஷச் சரக்கு 46 சதவீதம், 50 பவுண்டுக்குக் கிடைக்கிறது. புதுசில் வயதே போடவில்லை. வாங்கலாமா?
- வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: இப்போதைக்கு முழு பாட்டில் வேண்டாம். ஏதாவது ஒரு நல்ல விஸ்கி பாரில் 25 மி.லி. வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும்.

57 சதவீதச் சரக்கில் தண்ணீர் சேர்த்து 46-க்கு இறக்கினால் 700 மி.லி. சுமார் 867 மி.லி. ஆகிவிடும். அப்படிச் சமப்படுத்திப் பார்த்தால் உங்கள் 120 பவுண்டு 97 பவுண்டாகக் குறைகிறது. அதிகச் சத்துக்கு, அதாவது அதிக ஆல்கஹாலுக்கு, அதிக வரி என்று கடைக்காரர் சொல்லலாம். 2025-இல் பிரிட்டனில் ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு வரி 32.79 பவுண்டு. இரண்டு பாட்டிலுக்கும் இடையே வரி வித்தியாசம், வாட் சேர்த்தும் 3 பவுண்டுதான். ஆக, எல்லாச் சலுகையும் கொடுத்த பிறகும் 47 பவுண்டு மிஞ்சி நிற்கிறது. அது எதற்கு என்பதைத்தான் லேபிளில் தேட வேண்டும்.

முதலில் பீப்பாய். ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) வைத்திருந்த பெரிய பீப்பாய்க்கு ஆகும் செலவு போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயைவிடப் பல மடங்கு அதிகம். முழுக் காலமும் அதில் கிடந்த சரக்கென்றால் விலை ஏறுவதில் நியாயம் உண்டு. ஆனால் கடைசிச் சில மாதங்கள் மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றியதைத்தான் ‘ஃபினிஷ்’ என்று போடுவார்கள். அதற்கு அவ்வளவு கொடுக்கக் கூடாது.

அடுத்து எண்ணிக்கை. 200 லிட்டர் போர்பன் பீப்பாய் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 200 சொச்சம் பாட்டில்தான் தேறும். பீப்பாய் எண்ணும் பாட்டில் எண்ணும் லேபிளில் இருந்தால் அது உண்மையிலேயே அரிதான சரக்கு. ‘லிமிடெட்’ என்று மட்டும் போட்டு எத்தனை என்று சொல்லாவிட்டால், அந்தச் சொல்லுக்கு ஒரு பென்னிகூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வயது போடாததைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் புகை தணியும். அதனால் புகைச் சரக்கு இளசாக இருப்பது தன்னளவில் குறையல்ல. ஸ்காட்ச் என்றாலே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் இருந்தாக வேண்டும். மாவு நெடி, ரப்பர் நெடி தலைதூக்கினால் மட்டும் அது பக்குவப்படாத சரக்கு.

இனி சோதனை. இரண்டு சரக்கையும் ஒரே சத்துக்குக் கொண்டுவாருங்கள்: 57 சதவீதச் சரக்கு 10 மி.லி.க்கு 2.4 மி.லி. தண்ணீர். ஒரே மாதிரி மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரு சரக்கையும் ஒன்றில் மற்றதையும் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். எது எதில் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தனித்து நிற்பதைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் ஒருமுறை சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று தடவையும் சரியாகச் சொல்ல 27-இல் ஒன்றுதான். மூன்று தடவையும் கண்டுபிடித்து, புதுச் சரக்குதான் பிடித்தும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். தண்ணீர் விடாமல் ஒப்பிட்டால் காரம் கூடினதைப் பார்த்துவிட்டு ருசி கூடிவிட்டது என்று நாக்கு ஏமாந்துவிடும்.

நால்வர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 30 பவுண்டு, 175 மி.லி., அதாவது 25 மி.லி. வீதம் ஏழு தடவை. ஒரு சரக்கை முழுசாகப் புரிந்துகொள்ள ஏழு தடவை தாராளம்.

கேள்வி: இந்தப் புகை வகை விஸ்கியை முகர்ந்தாலே மூக்கெரிகிறது. டெட்டால் வாசனை தவிர வேறொன்றும் பிடிபடவில்லை. எங்கே தப்புச் செய்கிறேன்?
- வாசகர், டொராண்டோ

பதில்: டெட்டால் என்று நீங்கள் சொன்னது சரியான அடையாளம். பீட் மண்ணை (சதுப்பு நிலத்தில் செடிகொடி மக்கி உண்டான மண்) எரித்து முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது அந்தப் புகையிலிருந்து ஒட்டிக்கொள்பவை ஃபீனால் வகைப் பொருள்கள். டெட்டாலில் இருக்கும் கிருமிநாசினியும் அதே குடும்பம்தான். அந்த வாசனை முன்னால் நிற்பதால் பின்னால் இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாய் குறுகிய துலிப் கிளாஸில் 20 மி.லி. ஊற்றிப் பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காமல், மோவாய்க்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள். ஆல்கஹால் நெடி அவ்வளவாக மூக்கில் ஏறாது. முதல் மடக்கு எப்போதும் எரிக்கும்; அதை வைத்து எடைபோடக் கூடாது. இரண்டாவது மடக்கை அரை நிமிஷம் நாக்கில் உருட்டி விழுங்கினால் எரிச்சலுக்கு அடியிலிருந்து கருப்பட்டிப் பாகு, எலுமிச்சைத் தோல், கருவாடு சுட்ட உப்பு என்று ஒவ்வொன்றாக வரும்.

பிறகு தண்ணீர். 57 சதவீதச் சரக்கு 20 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. விட்டால் 46 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும். ஒரேயடியாக ஊற்றாமல் அரை அரை ஸ்பூனாக விடுங்கள். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டியது இது: புகை வாசனை தரும் குவாயகால், சத்து 45 சதவீதம் வரையுள்ள கலவையில் மேற்பரப்பில் சேர்கிறது, சத்து கூடினால் உள்ளே இறங்கிவிடுகிறது. தண்ணீர் விட்டதும் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத சரக்கு அப்படித்தான் ஆகும்.

ஐஸ் போட்டால் பீப்பாயின் இனிப்பு அடங்கி, புகையும் கசப்பும் மட்டுமே மிஞ்சும். காபியோ ரசமோ குடித்து ஒரு மணி நேரமாவது கழியட்டும். பல வகை வைத்திருந்தால் புகைச் சரக்கு கடைசியில்தான். அதற்குப் பின் எதைக் குடித்தாலும் புகைதான் தெரியும்.

கிளாஸைக் கழுவாமல் வைத்து, காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும். நல்ல சரக்கென்றால் அணைந்த அடுப்புச் சாம்பலும் லேசான வெனிலாவும் காய்ந்த கிளாஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் ஈர அட்டை வாசனை வந்தால் அந்தப் பீப்பாய் பலமுறை பயன்படுத்திக் களைத்துப்போன பீப்பாய்.

கேள்வி: பி.பி.எம். எண் கூடக்கூடப் புகையும் கூடும்தானே?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: பி.பி.எம். என்பது பத்து லட்சம் பங்கில் ஃபீனால் எத்தனை பங்கு என்ற கணக்கு. பெரும்பாலும் அந்த எண் பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்ததல்ல. லகாவுலின், கோல் ஈலா என்ற இரண்டு ஐலா வடிசாலைகளுக்கும் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து கிட்டத்தட்ட 35 பி.பி.எம். பார்லிதான் போகிறது. குடித்துப் பார்த்தால் லகாவுலின் கனம், கோல் ஈலா லேசு. கோல் ஈலாவில் கொப்பரையைக் குறைவாக நிரப்பி, வடியலைப் பிடிப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள். கனத்த ஃபீனால்கள் வடியலின் பின்பகுதியில்தான் வரும் என்பதால் அவை வெளியே நின்றுவிடுகின்றன.

ஆக்டோமோர் என்ற ஐலா விஸ்கியின் 8.3 பதிப்புக்கான பார்லி 309.1 பி.பி.எம். அதற்காக லகாவுலினைவிட ஒன்பது மடங்கு புகை வாயில் தெரியாது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஆக்டோமோர் நல்ல சரக்குதான். அதன் எண்ணெய்ப் பதமும் இனிப்பும் பிடித்தால் வாங்குங்கள்.

கேள்வி: திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்? சென்னை வெயிலில்?
- வாசகர், அடையாறு

பதில்: முக்கால்வாசி இருந்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. பாதிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று கூடி, முதலில் மங்குவது புகைதான். அப்போது 200 மி.லி. கண்ணாடி பாட்டிலுக்குக் கழுத்துவரை மாற்றிவிடுங்கள். எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் அந்தச் சத்து கார்க்கை அரித்துவிடும். சென்னையில் சமையலறை லாஃப்ட் வேண்டாம். கீழ்த்தட்டு, வெளிச்சம் படாத அலமாரி போதும், அந்துருண்டை பக்கத்தில் இல்லாமல்.