ஏபி தாய்க்கு ஓ பிள்ளை

கேள்வி: 2004 சுனாமியில் நாவலடியில் எங்கள் ஒரே மகளைக் கடலுக்குக் கொடுத்தோம். மறுவருடம் ஒரு கைக்குழந்தையை நீதிமன்றம் மூலம் எடுத்து, இறந்தவளின் பேரையே வைத்து வளர்த்தோம். அவளுக்கு எதுவும் தெரியாது. இப்போது என் இரண்டு கிட்னியும் பழுது. உயர்தரத்தில் உயிரியல் படித்த மகள், தன் கிட்னியைத் தருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கு ஏபி இரத்தம், அவளுக்கு ஓ, பொருந்துமாம். ஒபரேஷன் முடியச் சொல்லலாம் என்கிறார் கணவர். சொல்லத்தான் வேணுமா?
- மட்டக்களப்பு வாசகி

பதில்: தங்கச்சி, 'எதுவும் தெரியாது' என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? உங்களுக்கு ஏபி, அவளுக்கு ஓ, படித்தது உயிரியல். ஏபி தாய் பிள்ளைக்கு ஏ அல்லது பி, ஏதாவது ஒன்றைக் கொடுத்தே தீருவாள். மிக மிக அரிதான விதிவிலக்கைத் தவிர, அந்த வயிற்றில் ஓ பிறக்காது. உயர்தரப் பிள்ளைகள் கொப்பியில் திரும்பத் திரும்பப் போடும் கணக்கு இது. உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு விளங்கியிருக்கும். ஒளிப்பது நீங்கள் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்?

கணவரின் யோசனை உதவாது. அடுத்தது திசுப்பொருத்தப் பரிசோதனை. பெற்ற பிள்ளைக்குத் தாயோடு பாதி ஒத்துப்போகும், இவளுக்கு அப்படி வருவது அரிது. வராவிட்டாலும் மாற்றலாம், அதற்கு மருந்துகள் உண்டு. ஆனால் அந்தத் தாளை வைத்து வைத்தியர் கேள்வி கேட்கும்போது அவளும் பக்கத்தில் இருப்பாள்.

இன்னொன்று. கொடுப்பவரின் குடும்பத்தில் சீனி வருத்தம், பிரஷர், கிட்னி நோய் உண்டா என்று விசாரிப்பார்கள். உங்கள் குடும்பத்தை நினைத்து 'இல்லை' என்று எழுதினால் அது பொய். பெற்றவர்களில் ஒருவருக்குப் பரம்பரையாக வரும் கிட்னி நீர்க்கட்டி நோய் இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருபது வயதில் எடுக்கும் ஸ்கேனில் அது தெரியாமலும் போகும். ஒன்றைக் கழற்றிக் கொடுத்த பிறகு தெரிந்து என்ன செய்ய? செத்தவளின் பேரை அவள் தலையில் வைத்தீர்கள். உங்கள் துக்கம், விடுகிறேன். உண்மையை மறைத்து அவள் உடம்பில் கைவைப்பதை விட முடியாது.

அடுத்த கிளினிக்குக்கு முன், வீட்டில், மூன்று பேரும் மட்டும் இருங்கள். பெரியம்மா, மாமி ஒருவரும் வேண்டாம். மகவேற்புச் சான்றிதழை அவள் கையில் கொடுங்கள். 'நீ தராவிட்டாலும் எங்கட புள்ளதான்' என்று முதலில் சொல்லுங்கள். அதற்குமேல் அன்று கிட்னிப் பேச்சு எடுக்கக் கூடாது. பிறகு வைத்தியரிடம் அவள் தனியே பேசட்டும், நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள்.

'எனக்கு எப்பவோ தெரியும்' என்று அவள் சொன்னால், அழுது ஊரைக் கூட்டாமல், இத்தனை நாளும் அதை யாரிடம் சொல்லி ஆறினாய் என்று கேளுங்கள்.