அன்ரோல் 8 போட்டும் இனிஷியேஷன் இன்டர்வல் 4-லயே நிக்குது: மெமரி போர்ட்டைப் பாருங்க

எஃப்பிஜிஏ (நம்ம தேவைக்குச் சர்க்யூட்டை அமைச்சுக்கற சிப்) நிரல்ல 1024 பிக்சலை வெயிட்டால பெருக்கிக் கூட்டற லூப்பை 8-ஆ அன்ரோல் பண்ணியும், அதாவது எட்டு சுற்றை ஒரே நேரத்துல ஓட விட்டும், இனிஷியேஷன் இன்டர்வல் (அடுத்த சுற்று தொடங்க ஆகற கிளாக்) 4-லயே நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க.

பிக்சல், வெயிட் ரெண்டு அரேயையும் சைக்ளிக் முறையில (சீட்டுப் போடற மாதிரி மாறி மாறி) 4 பங்கா பார்ட்டிஷன் பண்ணுங்க, அதாவது நாலு தனி ரேமாப் பிரிங்க. லூப்பைத் தொட வேண்டாம்.

பிளாக் ரேமுக்கு (சிப்புக்குள்ளயே இருக்கற மெமரி) ரெண்டே போர்ட், ஒரு கிளாக்குக்கு ரெண்டே வாசிப்பு. 1024 பிக்சலும் ஒரே ரேம்ல கிடந்தா, எட்டு வாசிப்புக்கு நாலு கிளாக் ஆகும்; நீங்க சொன்ன 4 அதேதான். சோமனூர்ல துணிக் குறை பார்க்கற கேமராவுக்குன்னு எழுதியிருக்கீங்க, அதனால தறியையே வெச்சுச் சொல்றனுங்க: தறி எட்டு ஓடியும் தார் (ஊடை நூல்) சுத்தறதுக்கு ரெண்டே பேருன்னா, தறி நின்னுதான் ஆகும். அன்ரோல் தறியைக் கூட்டும். தார் கொடுக்கறது பார்ட்டிஷன்: நாலு ரேம், ஆளுக்கு ரெண்டு போர்ட், எட்டு வாசிப்பும் ஒரே கிளாக்ல முடியும்.

அரேயைத் தொடர்ச்சியான துண்டா வெட்டற 'பிளாக்' வகைப் பார்ட்டிஷன் இங்க உதவாது. அடுத்தடுத்த எட்டு பிக்சலும் அதுல ஒரே பங்குல போய் உக்காந்துக்கும்.

சிந்தசிஸ் (நிரலைச் சர்க்யூட்டா மாத்தறது) பண்ணிட்டு, எந்த வேலை எந்த கிளாக்லன்னு காட்டற ஷெட்யூல் ரிப்போர்ட்டைத் திறங்க. முன்னாடி மெமரி போர்ட் பத்தாதுன்னு வந்த எச்சரிக்கை போயிருக்கணும்.

அது போயும் 1-க்கு இறங்கலைன்னா, கூட்டுத்தொகை ஃப்ளோட்டான்னு (தசம எண் வகை) பாருங்க. ஃப்ளோட் கூட்டலை வரிசை மாத்தினா விடை மாறும். அதனால கம்பைலர் தானா ஜோடி ஜோடியாக் கூட்டற மரமாப் பிரிக்காது, ஒவ்வொரு கூட்டலும் முந்தினதுக்காகக் காத்திருக்கும். 8 பிட் பிக்சல், 8 பிட் வெயிட், 1024 பெருக்கல்னா 26 பிட் முழு எண்ணே போதும். ஃப்ளோட்டை விட்டுருங்க, நான் அப்படித்தான் செய்வேன்.

ஒண்ணு மட்டும் கவனம்: அரே சிப்புக்கு வெளிய இருக்கற டிடிஆர் மெமரில இருந்தா பார்ட்டிஷன் எடுபடாது. முதல்ல சிப்புக்குள்ள ஒரு உள்ளூர் பஃபருக்குக் காப்பி பண்ணிக்கங்க. பிளாக் ரேம் செலவும் நாலு மடங்கு வரைக்கும் ஆகலாம், சின்ன போர்டுன்னா எண்ணிப் பார்த்துக்கங்க.