யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

யாழ் பல்கலைக்கழகத்தின் அறிவியல், மருத்துவ ஆய்வுகள் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, கேட்டவர்களின் பெயரை விட்டுப் பதில் எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு தந்தை: உலகத் தரவரிசைகளைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தின் பெயர் கண்ணில் படுவதே அரிது. அங்கே உருப்படியான ஆராய்ச்சி நடக்கிறதா ஐயா? மகளை விஞ்ஞான பீடத்துக்கு அனுப்பலாமா?

நடக்கிறது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. டயர், சிரட்டை, பூச்சாடி என்று சுகாதாரப் பரிசோதகர்கள் தேடியதும் அதை நம்பித்தான். வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் கைவிடப்பட்ட கிணறுகளிலும் எறிந்த போத்தல்களிலும் தேங்கிய சவர்த் தண்ணீரை அள்ளிப் பார்த்தபோது, அதற்குள்ளும் ஏடிஸ் குடம்பிகள் இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அவை வளரும் என்று தெரிந்தது. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். யாழ் விலங்கியல் துறையின் நோபிள் சுரேந்திரனும் அப்போது புரூணையில் பணியாற்றிய ரஞ்சன் இராமசாமியும் கிழக்குப் பல்கலைக்கழகத்தவரோடு சேர்ந்து 2011இல் இதை வெளியிட்டார்கள்.

குடாநாட்டில் கிணற்றுத் தண்ணீர் சவராவது அன்றாடக் கதை. அந்தத் தண்ணீருக்குள்ளும் பார்க்க வேண்டும் என்ற யோசனை, அதோடு வாழ்பவர்களுக்கு வருவது இயல்பு. கடல்மட்டம் உயர உயர எல்லா நாட்டுக் கரையோரங்களுக்கும் இந்த முடிவு தேவைப்படும். மகளைத் தாராளமாக அனுப்புங்கள்.

மன்னாரிலிருந்து ஓர் ஆசிரியர்: மலேரியா ஒழிந்துவிட்டதே. இன்னும் ஏன் நுளம்பு ஆராய்ச்சி?

இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 செப்டெம்பரில். அந்த ஆண்டு முடிவதற்குள் உங்கள் மன்னாரிலேயே அனோபிலிஸ் ஸ்டீபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்புவது இதுதான். அப்புறம் யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டது. நோயைக் காவும் நுளம்பு வந்துவிட்டது. நோய்க்கிருமியோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும். நோய் இல்லாத காலத்தில்தான் இந்த வேலை தொய்வில்லாமல் நடக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள், எச்-இண்டெக்ஸ் இவற்றை வைத்துச் சின்னப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் துறைக்குள் துறையாக. எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எடுத்துக் குறிப்பிடுவதுதான் மேற்கோள்; பத்துக் கட்டுரைகளுக்குத் தலா பத்து மேற்கோளாவது இருந்தால் எச் பத்து. மருத்துவத்தில் மேற்கோள் மளமளவென்று சேரும், கணிதத்தில் ஆண்டுக்கணக்கில் ஊரும். மருத்துவ பீடம் உள்ள பல்கலைக்கழகம் அது இல்லாததைவிடக் கூட்டுத்தொகையில் முந்தித் தெரிவதில் அதிசயமில்லை.

சின்ன இடத்தில் இன்னொரு சிக்கல், ஒரே கட்டுரை மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் ஆய்வு 9 பக்கம், மிச்சமெல்லாம் பெயர்களும் நிறுவனங்களும். அதில் இரண்டு பேர் உங்கள் பல்கலைக்கழகத்தவர் என்றால், அத்தனை மேற்கோளும் உங்கள் கணக்கிலும் ஏறும். அதனால் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மேலே நிற்கும் நாலைந்து கட்டுரைகளைத் திறந்து, முதல் ஆசிரியர் எந்த ஊர் என்று பாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர்: ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் நாங்கள் செய்ததில் பாதிகூட இல்லையே?

உள்ளூர்ச் சஞ்சிகைகளில் வருபவை பல ஸ்கோபஸில் சேர்வதில்லை. பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்: ஒருவர் போதனா வைத்தியசாலை என்று மட்டும் போடுவார், இன்னொருவர் பீடத்தின் பெயரோடு நிறுத்திவிடுவார். யாழ் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானதும் பழைய, புதிய கணக்குகள் இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கின்றன. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஓர்கிட் இலக்கம் எடுங்கள், பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். செலவில்லாத வேலை, இன்றைக்கே செய்யலாம்.

ரொறொன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர்: போர்க்காலத்தில் ஆராய்ச்சி நின்றுபோனதா?

பல்கலைக்கழகம் தொடங்கியது 1974இல், மருத்துவ பீடம் 1978இல். வேரூன்றுவதற்குள் போர் வந்துவிட்டது. 1990களில் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. மாதிரிகளைக் குளிரில் வைக்க முடியாத இடத்தில் ஆய்வுகூட வேலை எப்படி ஓடும்? 1995 இடப்பெயர்வில் ஊரோடு பல்கலைக்கழகத்தவரும் வெளியேறினார்கள்.

அதே காலத்தில்தான் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் ஒரு சமூகத்தின் மனத்தை என்ன செய்கிறது என்று பதிவுசெய்துகொண்டிருந்தார். தனியாளின் காயத்தை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே உடைகின்றன என்பது அவருடைய வாதம். கூட்டு மனவடு பற்றிய அவரது 2007 கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். அந்த வரிகளை எழுத அங்கே இருந்திருக்க வேண்டும்.

சுன்னாகத்திலிருந்து ஒரு விவசாயி: இதெல்லாம் எங்களுக்கு என்ன பிரயோசனம்?

உங்கள் கிணற்றிலிருந்தே சொல்கிறேன் ஐயா. நமக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைத்தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். மேலே போடும் யூரியா கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி நைத்திரேற்றாகத் தண்ணீரில் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

இந்த முடிவுகள் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகையோடு நின்றுவிடுவதுதான் எனக்கு உள்ள பெரிய ஆதங்கம். கிணற்றுக்காரர் கையில் தமிழில் ஒரு தாள் போய்ச்சேராத ஆய்வைப் பாதி வேலை என்றுதான் சொல்வேன். உங்கள் கிணற்றில் யாராவது தண்ணீர் எடுத்தால், முடிவை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஒரு மருத்துவ மாணவி: ஒரு வாரத்தில் வெளியிட்டுத் தருகிறோம், டொலரில் கட்டணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வருகிறது. அனுப்பலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஒரு வாரத்துக்குள் யாரும் ஒழுங்காகப் படித்துத் திருத்தம் சொல்லப் போவதில்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்கச் சஞ்சிகைகள் பலவற்றில் நம் போன்ற நாடுகளுக்குக் கட்டண விலக்கோ கழிவோ உண்டு. மேற்பார்வையாளரிடம் காட்டி, அங்கே விண்ணப்பியுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: இவற்றைக் காசு கொடுக்காமல் எங்கே படிப்பது?

மேலே சொன்ன 2011 நுளம்புக் கட்டுரையும் 2007 மனவடுக் கட்டுரையும் இணையத்தில் முழுமையாக இலவசம். உள்ளூர்ச் சஞ்சிகைகளுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தைப் பாருங்கள். கிடைக்காததற்கு ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள்.