அட்டாக் 1841 இருந்தும் அடி ஏன் விழவில்லை?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் என் ஷியாங்லிங் என்ற கேரக்டருக்கு அட்டாக் 1841 வரை ஏற்றிவிட்டேன். என் ஃபிரெண்டின் ஷியாங்லிங்குக்கு 1200க்குக் கீழேதான், ஆனால் அவள் அடிக்கிற நம்பர் என்னுடையதைவிடப் பெரிதாக வருகிறது. கிரிட் ரேட் 29, கிரிட் டேமேஜ் 190, எனர்ஜி ரீசார்ஜ் 188. எம்பிளம் செட் நாலு துண்டு, தி கேட்ச் ஆயுதம் ஐந்தாம் ரிஃபைன்மெண்ட். சாண்ட்ஸ், கோப்லெட் இரண்டும் அட்டாக், சர்க்லெட் கிரிட் டேமேஜ். பர்ஸ்ட் டேலண்ட் 6. பென்னட், ஷிங்ச்சியோ, சுக்ரோஸ் கூட இருக்கிறார்கள். அபிஸ் 12இல் நேரம் போதவே மாட்டேன் என்கிறது. எதை மாற்றுவது?"

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிரிட் என்பது அவ்வப்போது பெரிதாக விழும் அடி, ரேட் அது எத்தனை முறை விழும் என்பது, கிரிட் டேமேஜ் அது எவ்வளவு பெரிது என்பது. பர்ஸ்ட் என்பது எனர்ஜி நிரம்பினால் போடும் பெரிய தாக்குதல், ரீசார்ஜ் அது நிரம்பும் வேகம், டேலண்ட் அந்தத் தாக்குதலின் லெவல். சாண்ட்ஸ், கோப்லெட், சர்க்லெட் மூன்றும் ஆர்ட்டிஃபாக்ட் என்ற ஐந்து துண்டு அணிகலனில் அடக்கம், எம்பிளம் அதில் ஒரு செட். அபிஸ் 12 நேரக் கெடு வைத்த கடினமான சவால்.

தம்பி, உன் ஆயுதமும் சரி, செட்டும் சரி, டீமும் சரி. எல்லாப் புள்ளியையும் ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறாய், அதுதான் சிக்கல்.

காட்பாடிப் பக்கம் மனை பார்க்கப் போனவர்களைக் கேட்டுப் பார். சுற்றளவு 200 அடிதான் என்றாலும் 90க்கு 10 மனை 900 சதுர அடி, 50க்கு 50 மனை 2500 சதுர அடி. இந்த விளையாட்டில் டேமேஜும் அப்படித்தான் பெருகுகிறது. அட்டாக், டேமேஜ் போனஸ், கிரிட், ரியாக்‌ஷன், எதிரியின் ரெசிஸ்டன்ஸ் என்று தனித்தனிப் பக்கங்கள், எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கல். நீ ஒரு பக்கத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போயிருக்கிறாய், உன் ஃபிரெண்ட் அநேகமாக எல்லாப் பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்திருப்பார்.

முதலில் கிரிட். உன் 29 சதவீதத்தோடு தி கேட்ச் பர்ஸ்டுக்கு மட்டும் தரும் 12 சேர்ந்தாலும் 41, பத்து அடியில் நான்குதான் பெரிதாக விழும். சராசரி போட்டால், 0.41ஐ 1.9ஆல் பெருக்கி 1 கூட்டு, 1.779 வரும். சர்க்லெட்டை மட்டும் கிரிட் ரேட்டுக்கு மாற்றினால், 20ஆம் லெவலில் அது தருவது 31.1, ஆக பர்ஸ்டில் ரேட் 72.1. பழைய சர்க்லெட்டின் 62.2 போய்விடுவதால் கிரிட் டேமேஜ் 127.8க்கு இறங்கும், அதைப் பார்த்துப் பதறாதே. சராசரி இப்போது 1.921, அதாவது சுமார் 8 சதவீதம் கூடுதல். ரேட் ஒரு பங்கு, டேமேஜ் இரண்டு பங்கு என்ற கணக்கை எல்லோரும் சொல்லுவார்கள், அது இதிலிருந்து வந்ததுதான்.

அடுத்தது கோப்லெட். இங்கே நிறைய பேர் யோசிக்காமல் "பைரோ (நெருப்பு) கோப்லெட் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆனால் உன் கேஸில் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்கு ஏற்கனவே டேமேஜ் போனஸ் நிறைய இருக்கிறது. தி கேட்ச் 32, எம்பிளம் உன் ரீசார்ஜில் கால்வாசியான 47, மொத்தம் 79. பைரோ கோப்லெட்டின் 46.6 சேர்ந்தால் 1.79 என்பது 2.256 ஆகும், 26 சதவீத ஏற்றம். கூடவே அட்டாக்கில் ஏறக்குறைய 342 இறங்கும். தனியாக நின்று அடித்தால் கடைசி லாபம் 2, 3 சதவீதம்தான், இதற்காகவா ராத்திரி பகல் டொமைன் (ஆர்ட்டிஃபாக்ட் கிடைக்கும் சவால் அறை) ஓடினோம் என்று இருக்கும். ஆனால் நீ தனியாக அடிப்பதில்லையே. பென்னட்டின் பர்ஸ்ட் தரையில் போடும் வட்டம் 800 அட்டாக் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2641 இருந்த இடத்தில் 2298 ஆகிறது, அந்த இழப்பு அப்போது 13 சதவீதம் மட்டுமே, நிகர லாபம் சுமார் 10 சதவீதம். அட்டாக்கை வெளியிலிருந்து ஒருவர் கொட்டும்போது நீயும் அதையே சேர்க்காதே, வேறு பக்கத்தைக் கட்டு.

இந்தக் கோப்லெட் எம்பிளம் செட்டில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. நாலு துண்டு போதும் என்பதால் மற்ற நாலு இடத்தையும் எம்பிளத்தில் நிரப்பிவிட்டு, எந்தச் செட்டின் பைரோ கோப்லெட்டையும் ஐந்தாவதாகப் போடலாம், பையில் தேடிப் பார்.

சாண்ட்ஸுக்கு வருவோம். ஷிங்ச்சியோ தண்ணீர் ஏற்றிவைத்த எதிரிமேல் நெருப்பு விழுந்தால் 1.5 மடங்கு, இதுதான் ரியாக்‌ஷன். ஷியாங்லிங்கின் பர்ஸ்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, சுற்றுகிற ஒவ்வொரு அடியும் நெருப்பை ஏற்றும், மற்ற பல தாக்குதல்களுக்கு இருக்கிற இடைவெளிக் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. அதனால்தான் ரியாக்‌ஷனின் பலத்தைக் கூட்டும் எலிமெண்டல் மாஸ்டரி அவளுக்கு அவ்வளவு பொருந்துகிறது. 187 மாஸ்டரி சாண்ட்ஸ் அந்த ரியாக்‌ஷனை (90ஆம் லெவலில் அவளுக்கே இருக்கும் 96 மாஸ்டரிக்கு மேல்) சுமார் 25 சதவீதம் கூட்டும், அட்டாக் சாண்ட்ஸ் போவதால் இழப்பது வட்டத்துக்குள் 15 சதவீதம், மிச்சம் 6. பர்ஸ்ட் சமயத்துக்கு நிரம்பவில்லை என்றால் மட்டும் இதை விட்டுவிட்டு ரீசார்ஜ் சாண்ட்ஸ் போடு. 80 எனர்ஜி பர்ஸ்ட், அது வராத சுற்றில் மற்ற எதற்கும் அர்த்தமில்லை.

இந்த மூன்றையும் பெருக்கினால் சுமார் 26 சதவீதம் வருகிறது. ஆனால் மூன்றுக்கும் அதிர்ஷ்டம் வேண்டும், பரிசு எடுக்கச் செலவாகும் ரெசின் ஒரு நாளில் ஊறுவது 180, டொமைனுக்கு 20 வீதம் ஒன்பது ஓட்டம்தான். அதிர்ஷ்டம் வேண்டாத ஒன்று உன் கையிலேயே இருக்கிறது. பர்ஸ்ட் டேலண்ட்டை 6இலிருந்து 9க்கு ஏற்று, அது மட்டுமே 21 சதவீதம். இந்த வாரத்து ரெசினை அதில் போடு, ஆர்ட்டிஃபாக்ட் காத்திருக்கட்டும். பென்னட்டுக்கும் ஒன்று: அவன் வட்டம் தருகிற அட்டாக் அவனுடைய பேஸ் அட்டாக்கை மட்டும் பார்க்கிறது, அதாவது அவன் லெவலும் ஆயுதத்தின் லெவலும். அவனுக்கு அட்டாக் ஆர்ட்டிஃபாக்ட் தேடி அலையாதே, ஆயுதத்தை 90க்கு ஏற்று.

சுக்ரோஸ் மேல் விரிடெசன்ட் செட் நாலு துண்டு இருக்கிறதா? இல்லையென்றால் உடனே. நெருப்பை அவள் தன் காற்றால் சுழற்றினால் எதிரியின் பைரோ ரெசிஸ்டன்ஸ் 40 இறங்கும். சாதாரண எதிரிக்கு 10 இருப்பது மைனஸ் 30க்குப் போகும், பூஜ்யத்துக்குக் கீழே பாதிதான் கணக்கு என்றாலும் 0.9 என்பது 1.15 ஆகிறது, ஏறக்குறைய 28 சதவீதம். அவள் தண்ணீரைச் சுழற்றினால் இறங்குவது தண்ணீர் ரெசிஸ்டன்ஸ், அது ஷியாங்லிங்குக்குப் பயனில்லை, அதனால் எதிரிமேல் என்ன ஏறியிருக்கிறது என்று பார்த்து விடு.

வரிசையும் முக்கியம். ஷிங்ச்சியோ பர்ஸ்ட், பிறகு பென்னட் பர்ஸ்ட், அப்புறம் அந்த வட்டத்துக்குள் நின்றுதான் ஷியாங்லிங் பர்ஸ்ட். போட்ட நொடியில் இருந்த அட்டாக்கையே பைரோநேடோ, அதாவது அவள் பர்ஸ்ட், கடைசிவரை வைத்துக்கொள்ளும், பிறகு வட்டத்தை விட்டு வெளியே போனாலும் குறையாது. ஒரு அடி வெளியே நின்று போட்டுவிட்டால் மொத்த 800உம் போச்சு. அடிக்கும்போது காலடியில் வட்டம் தெரிகிறதா என்று ஒரு கணம் பார். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும், போன் சூடேறித் திணறும்போது இந்த ஒரு கணம்தான் தவறுகிறது, சார்ஜ் போட்டுக்கொண்டே அபிஸுக்குள் போகாதே.

மாற்றிய பிறகு ரூயின் கார்ட் ஒன்றின் முன்னால் போய் நின்று, பழைய கோப்லெட்டோடு ஒரு முறை, புதியதோடு ஒரு முறை, இரண்டும் பென்னட் வட்டத்துக்குள்ளிருந்து அடித்துப் பார். பெரிதாகத் தெரிகிற கிரிட் நம்பரையும் சாதாரண நம்பரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள். அதுவரை அந்த அட்டாக் கோப்லெட்டை வேறொன்றுக்குத் தீனியாகப் போட்டுவிடாமல் லாக் போட்டு வை.